மோட்டார் ரூமில் கிடைத்த எண்டோசல்பான் கேனும் ஜெனீவா கூட்டமும்

முதலமடை செந்தில்:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் முதலமடையில் (கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையோரம்) எங்கள் மாந்தோப்பில் பழைய மோட்டார் ரூமை இடித்தோம். ஓட்டைப் பிரித்துவிட்டு, சுவரோரம் கிடந்த சாக்கு, அறுந்த பெல்ட், துருப்பிடித்த ஃபுட்வால்வு என்று ஒவ்வொன்றாக வெளியே போடும்போது மூலையில் ஒரு ஐந்து லிட்டர் கேன் தட்டுப்பட்டது. தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கிறது. லேபிளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சமிருந்த பாதியில் 'எண்டோசல்பான் 35 இ.சி.' என்று இருந்தது. இன்று தடை செய்யப்பட்ட பூச்சிமருந்து.

மூடியைத் திறக்கவில்லை. திறக்காமலே அந்தக் கந்தக வாடை வந்தது. பத்து வயதில் அப்பா பக்கத்தில் நின்று பார்த்தபோது மூக்கில் ஏறிய அதே வாடை. கொஞ்சம் ஊற்றினால் போதும், வாளித் தண்ணீர் முழுக்கப் பால்போல் வெளுத்துவிடும். அப்பா முழங்கை வரை விட்டுக் கையாலேயே கலக்குவார். பூ வந்ததும் தத்துப்பூச்சிக்கு ஒரு தடவை, பிஞ்சு கடுகளவு ஆனதும் இன்னொரு தடவை. வாயில் துண்டு கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். எல்லோருக்கும் முன்னால் காய் பறித்து மார்க்கெட்டுக்கு ஏற்றுவதுதான் முதலமடைக்காரனின் பிழைப்பு. அந்தப் பூ கருகினால் வருஷமே போச்சு.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். எந்தக் கேன் வாங்கினாலும் அடியில் பேனாவால் மாதமும் வருஷமும் எழுதி வைப்பார். இந்தக் கேனின் அடியில் 2009 என்று இருக்கிறது. கேரளத்தில் இந்த மருந்தை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நிறுத்தியாகிவிட்டது. அப்படியானால் இது கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி, தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்ததுதான். கேட்டதற்கு அப்பா மறைக்கவில்லை. "அங்கே கடையில அடுக்கி வெச்சிருந்தாங்க, வாங்கியாந்தேன்" என்றார்.

இரண்டு கேள்விகள். இந்தக் கேனை என்ன செய்வது? அப்புறம், ஒரு மாநிலம் வேண்டாம் என்று சொன்ன விஷம் இருபது மைலில் தாராளமாகக் கிடைத்ததை நிறுத்த ஜெனீவாவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடிப் பேச வேண்டியிருந்ததே, அது ஏன்?

நர்ஸ் அமுதா:

தம்பி, முதலில் கேன். கிணற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் மணல் போட்டு, அதற்குள் கேனை நிமிர்த்தி வைத்துப் பூட்டுங்கள். குழந்தைகள், மாடு போகாத இடமாக இருக்கட்டும். கிருஷி பவனில் (கேரள விவசாய அலுவலகம்) எழுதிக் கொடுத்து, மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கையுறை போடாமல் தொட்டிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். மற்றதை ராத்திரி டியூட்டி முடிந்து எழுதுகிறேன்.

பொள்ளாச்சி ரவி:

செந்தில், அந்தக் கடைகளில் ஒன்றில் நான் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். எந்தக் கடை என்று எழுத மாட்டேன், முதலாளி இன்று இல்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

டிசம்பர், ஜனவரி ஆனால் கே.எல். நம்பர் வண்டிகள் வரிசையாக நிற்கும். கொல்லங்கோடு, முதலமடை, சித்தூர் ஆட்கள். எங்களுக்கு அது சட்டப்படியான விற்பனை. லைசென்ஸ் உண்டு, பில் உண்டு. பில்லில் ஊர்ப் பெயர் மட்டும் இந்தப் பக்கத்து ஆனைமலை என்றோ கோட்டூர் என்றோ எழுதச் சொல்வார்கள். நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் தடை இருப்பது தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். வாங்க வந்தவர்களில் பலபேருக்கு அப்போதே கைத்தோல் உரிந்திருக்கும், கண் சிவந்திருக்கும்.

2011 மே மாதம் ஒருநாள், விற்கக்கூடாது என்று டீலரிடமிருந்து போன் வந்தது. அந்த வாரமே சரக்கைத் தனியாக எடுத்து வைத்தோம். ஒரு மாநிலத்தின் தடையால் வருஷக்கணக்கில் நிற்காத விற்பனை ஒரே வாரத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

சித்தூர் வக்கீல்:

(நம் பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரச் சித்தூர் இல்லை.)

ரவி சொன்ன அந்த ஒரு வாரத்துக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வடகேரளத்துக் காசர்கோட்டில் ஏறக்குறைய 4,600 ஹெக்டேர் முந்திரித் தோட்டம், அரசு நிறுவனத்துக்குச் சொந்தமானது. முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியைக் கொல்ல 1970களின் பின்பாதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வீடுகள், கிணறுகள், மலையைக் குடைந்து எடுக்கும் சுரங்கத் தண்ணீர். என்மகஜே பக்கத்து மருத்துவர் மோகன் குமார், ஒரே ஊரில் இத்தனை பேருக்கு நரம்புக் கோளாறும் பிறவிக் குறையும் வருவதைக் கவனித்து எழுதினார். லீலாகுமாரி அம்மா என்ற விவசாய உதவியாளர் 1998 இல் கோர்ட்டுக்குப் போய்த் தடையாணை வாங்கினார். விவசாயத் துறையில் வேலை பார்த்த ஒருவரே அந்த வழக்கைப் போட்டார் என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அங்கே தொடங்கியதுதான் கேரளத் தடை. ஆனால் 1968 ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27 ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு மாநில அரசு தானாக ஒரு மருந்தை 60 நாளுக்குத் தடை செய்யலாம், மேலே 30 நாள் நீட்டிக்கலாம். நாடு முழுவதற்குமான நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது. எண்டோசல்பானைக் கேரளத்தில் மட்டும் நிறுத்தி வைத்த மத்திய அரசு, மற்ற மாநிலங்களில் விட்டுவிட்டது. கோவிந்தாபுரம் செக்போஸ்டில் ஒரு கான்ஸ்டபிளும் ஒரு மூங்கிலும் என்ன செய்ய முடியும்?

அடுத்தது ஜெனீவா. மண்ணிலும் உடம்பிலும் சிதையாமல் தங்கும் இரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001 இல் ஏற்கப்பட்டது, 2004 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006 இல் சேர்ந்தது. எண்டோசல்பானைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2007 இல் ஐரோப்பிய ஒன்றியம் முன்மொழிந்தது. இந்தியா எதிர்த்தது. உலகத்திலேயே அதிகமாக அதைத் தயாரித்த நாடு நாம்தான், தயாரித்த நிறுவனங்களில் ஒன்று மத்திய அரசுடையது. 2011 ஏப்ரல் 25 அன்று ஜெனீவாவில் கூட்டம் தொடங்கிய அதே நாள், கேரள முதல்வர் அச்சுதானந்தன் திருவனந்தபுரத்தில் உண்ணாவிரதம் இருந்தார். ஒரு மாநில முதல்வர் தன் நாட்டுத் தூதுக்குழுவின் நிலைப்பாட்டை எதிர்த்துப் பட்டினி கிடந்தார். ஏப்ரல் 29 அன்று, சில பயிர்களுக்கு ஐந்தாண்டு விலக்கு கிடைத்த பிறகு, இந்தியா இணங்கியது. இரண்டு வாரம் கழித்து, மே 13 அன்று, மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ. போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு மூன்றையும் நிறுத்தியது. ரவிக்கு வந்த போன் அதுதான்.

கோபாலபுரம் பழனிசாமி:

வக்கீல் ஐயா சொன்னதில் ஒரு பக்கம் விட்டுப்போச்சு. நான் தென்னை, மா, தக்காளி மூன்றும் வைத்திருக்கிறவன். எண்டோசல்பான் விலை குறைவு. பேட்டன்ட் முடிந்த சரக்கு, நம் ஊர்க் கம்பெனிகள் தயாரித்தன. அது போனதும் அதன் இடத்துக்கு வந்த மருந்துகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, அதிலே நிறைய வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கு. ஐரோப்பாக்காரன் தன் புது மருந்தை விற்கத்தான் நம் பழைய மருந்தைத் தடை செய்தான் என்று அன்றைக்கே பேசினார்கள். அதில் உண்மையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உலக ஒப்பந்தம் என்றால் பெரியவன் எழுதி வைப்பான், சின்னவன் கட்டுப்பட வேண்டும். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

சித்தூர் வக்கீல்:

பழனிசாமி அண்ணா, உங்கள் கோபத்தை நான் தள்ளவில்லை. எண்டோசல்பான் 1950களில் ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி கொண்டுவந்தது. அதன் வாரிசான பேயர் தானே 2010 முடிவோடு விற்பனையை நிறுத்துவதாக முன்பே அறிவித்துவிட்டது. அவர்களுக்கு இழக்க ஒன்றும் இல்லாதபோது தடைக்குக் கை தூக்குவது சுலபம். அதுவும் உண்மை.

ஆனால் வியாபாரக் கணக்கு யாருக்கு இருந்தது என்று பார்த்தால் நம் பக்கமும் இருந்தது. 2011 செப்டம்பரில், தயாராகிக் கிடந்த இருப்பை ஏற்றுமதி செய்துகொள்ள நீதிமன்றம் அனுமதித்தது. இங்கே குழந்தைக்கு ஆகாதது என்று நிறுத்திய சரக்கு கப்பலேறியது. அந்தத் துறைமுகத்தில் இறக்கி, அந்த ஊர் வாளியில் கையை விட்டுக் கலக்கியவனும் யாரோ ஒரு செந்திலின் அப்பாதான்.

வண்டன்மேடு முருகன்:

நான் கம்பத்துக்காரன், பதினைந்து வருஷமாகக் கேரளத்தில் இடுக்கி ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. காலையில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி வரும் பெண்களை ஏற்றி இறக்குவது என் வேலை. மாங்காய்க்கு வருஷத்தில் சில தடவைதான் மருந்து, ஏலத்துக்கு அப்படியில்லை. பூவும் காயும் மாறி மாறி வரும், மருந்தும் மாறி மாறி விழும்.

சவுதிக்காரர்கள் மருந்து எச்சம் அதிகம் என்று சரக்கைத் திருப்பியபோது இங்கே பெரிய கலக்கம். அதுவரை ஒரு பேச்சும் பேசாத ஆட்கள் ஓடி வந்தார்கள். எந்த மருந்து அடிக்கலாம், பறிப்புக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் எனக்கு அன்று ஒன்று உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. ஏலக்காயில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளந்தார்கள். குழாயைப் பிடித்து அடிக்கிற பையன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருத்தரும் அளக்கவில்லை.

முதலமடை செந்தில்:

முருகண்ணா, இதே கதைதான் மாங்காயிலும். 2014 மே மாதம் ஐரோப்பா பழ ஈ இருப்பதாகச் சொல்லி இந்திய மாம்பழத்தை நிறுத்தியது, அடுத்த ஜனவரியில்தான் திறந்தது. அதற்குப் பிறகு ஏற்றுமதிப் பெட்டிக்கு ஒரு கணக்கு, கோயம்பேட்டுக்கும் வாளையார் தாண்டிக் கோவைக்கும் போகும் பெட்டிக்கு இன்னொரு கணக்கு. ஒரே மரத்துக் காய்.

சித்தூர் வக்கீல்:

அதற்குக் காரணம் ஒப்பந்தங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பு 1995 இல் தொடங்கியபோது உணவுப் பாதுகாப்பு, தாவர நலம் பற்றிய உடன்படிக்கை அதோடு சேர்ந்து வந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் குழு வகுக்கும் எச்ச அளவுகள் அதற்கு அடிப்படை. எல்லாமே எல்லை தாண்டும் பண்டத்துக்கான விதி. சாப்பிடுகிறவனைக் காப்பாற்றுகிறது. மீறினால் சரக்கு திரும்பும், பணம் போகும். அதனால் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

மருந்து அடிக்கிறவனுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 184 ஆவது உடன்படிக்கை, 2001. விவசாயத் தொழிலாளியின் பாதுகாப்பும் உடல்நலமும்தான் அதன் பொருள். இந்தியா அதை ஏற்கவில்லை. ஏற்காததால் யாருடைய கப்பலும் திரும்பவில்லை.

நர்ஸ் அமுதா:

டியூட்டி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். எல்லோரும் எழுதியதைப் படித்தேன்.

எல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம். இரண்டு மாநிலத்து நோயாளிகளும் வருவார்கள். மருந்து குடித்து வருகிறவர்களைப் பார்த்தால் வாடையிலேயே பாதி தெரிந்துவிடும். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து என்றால் வாயில் நுரை, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். முறி மருந்தான அட்ரோபின் ஏற்றிக்கொண்டே இருப்போம். எண்டோசல்பான் காலத்தில் வந்தவர்களுக்கு வலிப்பு நிற்கவே நிற்காது, முறி மருந்தும் கிடையாது என்று மூத்த சிஸ்டர்கள் சொல்வார்கள்.

இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது களைமருந்து, பாராகுவாட். குடித்தவர் முதல் நாள் நன்றாகப் பேசுவார். "சிஸ்டர், தெரியாம குடிச்சிட்டேன், எப்ப வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்பார். நாக்கும் தொண்டையும் வெந்திருக்கும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகும். முறி மருந்து இல்லை. போன ஆடியில் இருபத்திரண்டு வயசுப் பெண். கடைசிவரை சுய நினைவு. என் கையைப் பிடித்த பிடி இன்னும் இருக்கிறது.

கேரளம் 2011 மே மாதம் தடை செய்த 14 மருந்துகளில் பாராகுவாட்டும் ஒன்று. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறது, எங்கிருந்து என்று சொல்லத் தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் 1989 இலேயே நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2007 இல் நிறுத்தியது. பழனிசாமி அண்ணா கோபப்பட இதுதான் சரியான இடம். அங்கே வயலில் தெளிக்கத் தடை, ஆனால் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இலங்கையைப் பாருங்கள். 1995 இல் மோனோகுரோட்டோபாஸை நிறுத்தினார்கள், 1998 இல் எண்டோசல்பானை, பிறகு பாராகுவாட்டையும். தீவு என்பதால் துறைமுகத்தை மூடினால் மூடியதுதான், பக்கத்து மாநிலக் கடை கிடையாது. இருபது ஆண்டில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. இப்படிப் பிழைத்தவர்கள் சுமார் 93,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விளைச்சல் விழவில்லை. மனக்கஷ்டம் யாருக்கும் குறைந்திருக்காது. கைக்கு எட்டுகிற தூரத்தில் கொல்லும் சரக்கு இல்லை, அவ்வளவுதான். அந்த ஒரு ராத்திரி தாண்டிவிட்டால் பலபேர் பிழைத்துவிடுவார்கள் என்பது என் அனுபவமும்கூட.

சித்தூர் வக்கீல்:

அக்கா, பாராகுவாட்டுக்கு ஜெனீவாவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். ராட்டர்டாம் உடன்படிக்கை என்று ஒன்று, 2004 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பட்டியலில் ஒரு மருந்து சேர்ந்தால் தடை என்று அர்த்தமில்லை. ஏற்றுமதி செய்யும் நாடு, வாங்கும் நாட்டுக்கு ஆபத்தைச் சொல்லி, முன்கூட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். அவ்வளவு எளிய விஷயம். பாராகுவாட்டைச் சேர்க்கலாம் என்று நிபுணர் குழு பரிந்துரைத்து எத்தனையோ கூட்டம் ஆகிவிட்டது. எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் சேர்க்கலாம் என்பது விதி. ஒன்றிரண்டு நாடு எதிர்த்துக் கை தூக்கினால் போதும், நின்றுவிடும். அப்படி எதிர்த்தவர்களில் இந்தியாவும் உண்டு.

எண்டோசல்பானிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் சேரும்போதே இந்தியா ஒரு நிபந்தனை போட்டது. புதிதாக ஒரு இரசாயனம் பட்டியலில் சேர்ந்தால் அது தானாக நம்மைக் கட்டுப்படுத்தாது, நாம் தனியாக ஏற்றுக் கையெழுத்திட்டால்தான் கட்டுப்படுத்தும். 2020 அக்டோபரில் ஏழு இரசாயனங்களை மத்திய அமைச்சரவை அப்படி ஏற்றது. அந்த ஏழில் எண்டோசல்பான் இல்லை. இன்று உங்கள் தோப்பைக் காப்பது நீதிமன்ற உத்தரவு.

கோபாலபுரம் பழனிசாமி:

இது எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெரியவன் எழுதுவதற்குச் சின்னவன் கட்டுப்பட வேண்டும் என்று எழுதினேன். அங்கே நம்மாட்கள் உட்கார்ந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் பேரைச் சொல்லித்தானே சொல்லியிருப்பார்கள், விவசாயிக்கு வேண்டும் என்று. என் தோட்டத்தில் களைமருந்து அடிக்கிற ஆறுமுகத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னையும் கேட்கவில்லை.

சரி, மாற்று மருந்துக்கும் கையால் களை எடுக்கிற கூலிக்கும் அரசாங்கம் ஒரு வழி சொல்ல வேண்டும். அதில் நான் மாறவில்லை. இலங்கையில் விளைச்சல் விழவில்லை என்று அமுதா அம்மா எழுதியதைப் பற்றி இன்னும் விவரம் இருந்தால் போடுங்கள்.

பொள்ளாச்சி ரவி:

நஷ்ட ஈட்டையும் யாராவது சொல்ல வேண்டும். காசர்கோட்டுப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் ஐந்து லட்சம் கொடுக்க 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 மே வரை மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்டவர்களில் எட்டே பேருக்குத்தான் கொடுத்திருந்தார்கள், அதற்கு நீதிமன்றம் கடுமையாகப் பேசிய பிறகுதான் வேகம் பிடித்தது. ஜெனீவாவில் தடை வர வேண்டும் என்று முதல்வரே பட்டினி கிடந்த கேரளம், வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் காசு கொடுக்க இத்தனை வருஷம் இழுத்தது எனக்கு ஆறவே இல்லை.

முதலமடை செந்தில்:

கேன் பற்றி. கிருஷி பவனில் எழுதிக் கொடுத்தேன், நகலில் முத்திரை வாங்கினேன். நேற்று அலுவலர் வந்து பார்த்துப் படம் எடுத்தார். தோப்புகளில் வேறு எங்கே இருக்கிறது என்று சேர்த்து எழுதினால் மொத்தமாக எடுக்கக் கேட்கலாம் என்றார். பழைய இருப்பைக் கண்டுபிடித்துப் பத்திரமாக அழிப்பதும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் உள்ள கடமைதான், எண்டோசல்பான் விஷயத்தில் இந்தியா அதை இன்னும் ஏற்காவிட்டாலும் சுட்டிக்காட்டலாம் என்று வக்கீல் தனியாக எழுதிக் கொடுத்தார், அதையும் மனுவோடு சேர்த்துவிட்டேன். அதுவரை கேன் மணல் வாளியில், பூட்டிய அறையில்.

அப்பாவுக்கு இப்போது கை நடுக்கம். டம்ளரில் முக்கால் பங்குதான் ஊற்றிக் கொடுப்போம். அலுவலர் போன பிறகு அந்த அறை வாசலில் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சாக்பீஸ் கேட்டு வாங்கி, கதவில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். கோடு வளைந்துதான் வந்தது. எங்கள் தோப்புக்கு மேற்கே யார் யார் எந்த வருஷம் எத்தனை கேன் வாங்கினார்கள் என்று அவருக்கு நினைவிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை பதினாலு தோப்பு.

கோவிந்தாபுரம் கண்ணன்:

செந்தில் அண்ணா, இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் மோட்டார் ரூமிலும் பரண் மேல் இரண்டு கேன் இருக்கிறது, ஒன்று கசிந்து பலகை ஊறியிருக்கிறது. பட்டியலில் எங்கள் தோப்பையும் எழுதுங்கள். நாளைக்குக் காலையில் படம் போடுகிறேன்.